சிக்கனமாக வேக ரயில் பாதை போடும் புது முறைகள்: நிதி கேட்டு அலைந்த அனுபவம் இருந்தால் பகிருங்கள்

உச்சிப்புளி செல்வம்

ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிறது, அதனால் நானே ஆரம்பித்து வைக்கிறேன். ஸ்லாப் டிராக் என்றால் ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் பலகை (அதுதான் ஸ்லாப்) மேல் தண்டவாளம் போடுவது, இங்கே இருப்பவர்கள் பலருக்குத் தெரிந்ததுதான்.

எனக்குக் கிணற்று உறை, வேலிக்கல், ஹாலோ பிளாக் போடுகிற யார்டு. அக்கா மகன் சிவில் படித்தவன், யார்டின் ஒரு மூலையில் இரும்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் கம்பி வைத்துச் சின்ன அளவில் ஸ்லாப் வார்த்துக்கொண்டிருந்தான். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாதையில் போடுகிற ஸ்லாப் 2200 மி.மீ. அகலம், 4900 மி.மீ. நீளம், 190 மி.மீ. கனம், ஒன்று கிட்டத்தட்ட 3.9 டன். ஃபைபர் கம்பி துருப்பிடிக்காது, அதனால் கடற்கரையில் கம்பியை மூடுகிற கான்கிரீட் கனத்தைக் குறைக்கலாம், எடை குறையும், எடை குறைந்தால் சின்ன கிரேனே போதும், இதுதான் அவன் கணக்கு. சிக்னல் கரண்ட் தண்டவாளத்தில் ஓடுகிறதல்லவா, அதற்கும் இரும்பு இல்லாத ஸ்லாப் நல்லது என்பான்.

ரயில்வேயின் ஸ்டார்ட்அப் திட்டம் (2022 ஜூனில் வந்தது) பார்த்தோம். அப்போது அதிகபட்சம் ஒன்றரைக் கோடி, ஆனால் பாதிக்குப் பாதி, நம் பங்கை நாம் போட வேண்டும், அவர்கள் பங்கு வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். அந்தப் பாதிக்குத்தான் மதுரையில் ஒரு தனியார் முதலீட்டாளர் கூட்டத்துக்குப் போனோம். ஸ்லாப்பை அறுத்து, வெட்டுமுகத்தில் கம்பி தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டு, உள்ளங்கை அளவில் ஒரு துண்டு கொண்டுபோயிருந்தான். நடுவில் உட்கார்ந்திருந்தவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், "இது முன்னாடி எங்க ஓடியிருக்கு?" என்றார். இவன் "இனிமேல்தான் சார்" என்றான். அவர் தலையாட்டிவிட்டு, ஃபேன் காற்றில் பறந்துகொண்டிருந்த பேப்பர் கட்டின் மேல் அந்தத் துண்டை வைத்தார். அடுத்து மூன்று பேர் பேசி முடிக்கிற வரை அது பேப்பர் வெயிட்டாக அங்கேயே இருந்தது. திருப்பிக் கேட்க இவனுக்குக் கூச்சம், எனக்கும்தான்.

ஓடியிருந்தால் உங்களிடம் ஏன் வருகிறோம்?

பாம்பன் பழைய கீமேன்

செல்வம் தம்பி, அவர் கேட்டதில் என்ன தப்பு? நீங்கள் வார்க்கிறது வேலிக்கல் இல்லை, ஆளை ஏற்றிக்கொண்டு மணிக்கு முந்நூறு போகிற சாமான்.

நான் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் கீமேனாக, தண்டவாளத்தை நடந்து பார்க்கிற வேலையில் கிடந்தவன். காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், கச்சான் காலத்தில் நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். அங்கே ஒரு கம்பெனிக்காரர் வந்தார், பெயர் வேண்டாம். உப்பு அண்டாத பூச்சு, தண்டவாளத்தைப் பிடிக்கிற கிளிப்புக்குப் போட்டால் வருஷக்கணக்கில் தொட வேண்டாம், பராமரிப்புச் செலவு பாதியாகும் என்றார். சோதனைக்குக் கொஞ்சம் கிளிப் மாட்டினார்கள். வாடைக்காற்று போய்க் கச்சான் வந்ததும் நான் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன், அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் அதே மனிதர் கேமராவோடு வந்தார். குனிந்து, கடலுக்கு முதுகு காட்டுகிற பக்கத்தை மட்டும் ஒவ்வொரு கிளிப்பாகப் படம் எடுத்தார். அந்தப் பக்கம் பளபளவென்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார், எடுத்து முடித்துவிட்டு "வரேண்ணே" என்று போய்விட்டார். அந்தப் படம் யார் மேஜைக்குப் போயிற்றோ, எத்தனை லட்சம் வாங்கித் தந்ததோ.

புதுப் பாலத்தைப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, போல்ட் இல்லாமல் வெல்டிங்கிலேயே இணைப்பு, கலவைப் பொருளில் ஸ்லீப்பர், விசேஷப் பெயின்ட். இரண்டு கிலோமீட்டருக்கு ஐந்நூறு கோடிக்கு மேல் ஆயிற்று. அதிலேயே மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் அனுமதி, தூக்குகிற பகுதியில் 50. உப்பை ஏமாற்றி மிச்சம் பிடிக்க முடியாது.

ராமநாதபுரம் மீனா

நான் மேஜைக்கு இந்தப் பக்கம். வங்கி வேலை, எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

ஒரு பையன் வந்தார், இதே மாதிரி முன்வார்ப்புப் பாதைச் சாமான்தான். ஏதோ ஒரு மானியத்துக்குத் தேர்வான கடிதத்தை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார், மழையில் நனையக்கூடாதாம். தவணை வேலை முடிந்த பிறகுதான் வரும், வேலையை ஆரம்பிக்க இப்போது பணம் வேண்டும். ஈடு என்ன என்றேன். "மேடம், கான்கிரீட் அச்சை வச்சுக்கலாமா?" என்றார். அச்சு நல்ல எஃகு, மில்லிமீட்டர் பிசகாமல் செய்தது, அவர் போட்ட பணம் பெரும்பாலும் அதில்தான் இருந்தது. ஆனால் அந்த அச்சில் அந்தச் சாமானைத் தவிர வேறு எதையும் வார்க்க முடியாது. நாளைக்கு ஏலம் விட்டால் காயலான் கடை விலை. இதை நான் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, அந்த லேமினேட் அட்டையைத் துப்பட்டா நுனியால் நான் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன் (டீ சிந்தியிருந்தது), "தேங்ஸ் மேடம்" என்றார். அந்தத் தேங்ஸ்தான் இன்னும் உறுத்துகிறது.

பெரிய திட்டத்துக்கு எப்படிக் கடன் கிடைக்கிறது பாருங்கள். புல்லட் ரயிலுக்கு ஜப்பான் தர ஒப்புக்கொண்டது முதலில் போட்ட திட்டச் செலவில் ஏறக்குறைய 81 சதவீதம், வட்டி 0.1, அடைக்க 50 வருஷம், அதில் முதல் 15 வருஷம் அசல் கட்ட வேண்டாம். இந்த வட்டிக்குக் கிடைத்தால் நானே பட்டணம்காத்தானிலிருந்து ரயில் விடுவேன்.

பரமக்குடி பாஸ்கர்

என் கதை சின்னது. ஒரு கருத்தரங்கில் பெரிய பொறியாளர் ஒருவரிடம் "புதுப் பொருள் எதைப் போட்டால் செலவு குறையும்?" என்று கேட்டேன். "பொருளை விடுப்பா, அச்சை மாத்தாதே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவ்வளவுதான்.

ஆனால் செல்வம் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேக ரயிலில் பணம் எங்கே போகிறது? நிலம், மேம்பாலம், சுரங்கம். ஸ்லாப்பில் நீங்கள் கால்வாசி மிச்சம் பிடித்தாலும் மொத்தத்தில் அது தெரியாது. சீனாவில் கிலோமீட்டருக்கு 1.7 முதல் 2.1 கோடி டாலர், ஐரோப்பாவில் 2.5 முதல் 3.9 கோடி என்று உலக வங்கி கணக்குப் போட்டது. கூலி மட்டும் காரணம் இல்லை. 32 மீட்டர் கர்டர் (தூணுக்குத் தூண் வைக்கிற உத்தரம்) என்று ஒரே அளவை வைத்துக்கொண்டு, பாதை ஓரத்திலேயே யார்டு போட்டு, வார்த்து வார்த்துத் தூக்கி வைத்துக்கொண்டே போனார்கள். குஜராத்திலும் அதே வழிதான், 40 மீட்டர் கர்டர், 970 டன், முழுசாகத் தூக்கி ஒரே வீச்சில் தூண் மேல் வைக்கிறார்கள். துண்டு துண்டாகக் கோர்ப்பதைவிட இது பல மடங்கு வேகம். வேகமாக முடிந்தால் வட்டி மிச்சம், அந்த மிச்சத்தை யாரும் படம் பிடித்துக் காட்ட முடியாது. நம் புதுப் பாம்பன் பாலத்திலும் தூக்குகிற பகுதியைத் தவிர மற்ற 99 கண்ணும் 18.3 மீட்டர், எல்லாம் ஒரே அளவு.

ஆகவே முதலில் மருமகனை ஸ்லாப்பை விட்டுவிட்டு ஓரச்சுவர், கேபிள் கால்வாய் மூடி, வடிகால் இந்த மாதிரி ஆளைக் கொல்லாத சாமானில் ஃபைபர் கம்பியைப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது, ஒரு ஐஐடி ஆய்வுக்கூடத்தைப் பிடியுங்கள். குழாய்க்குள் வண்டி விடுகிற ஹைப்பர்லூப் சோதனைக்குச் சென்னை ஐஐடி தையூரில் 422 மீட்டர் குழாய் போட்டதே, ரயில்வே அமைச்சகம் பணம் கொடுத்தது, ஏன்? பெயர் இருக்கிறது. மூன்றாவது, காப்புரிமைக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள். நான்காவது, மீனா மேடம் சொன்ன ஈடு பிரச்சினைக்கு சிஜிடிஎம்எஸ்இ (சிறு தொழில் கடனுக்கான அரசு உத்தரவாத நிதி) உத்தரவாதம் இருக்கிறது, ஈடே தேவையில்லை, அதை ஏன் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஐந்தாவது

ராமநாதபுரம் மீனா

பாஸ்கர் சார், சொல்லாமல் இருப்பேனா? உத்தரவாதம் ஈட்டுக்குப் பதிலாக வரும், வருமானத்துக்குப் பதிலாக வராது. மாதம் எவ்வளவு வரும், எதிலிருந்து அடைப்பீர்கள் என்ற கட்டத்தில் அவரால் எதையும் எழுத முடியவில்லை. வாங்குகிறவர் நாட்டிலேயே ஒருவர்தான், அவரும் இன்னும் வாங்கச் சம்மதிக்கவில்லை.

கீழக்கரை நசீர்

வேக ரயிலாம். காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குக் கிழக்குக் கடற்கரைப் பாதை என்று என் வாப்பா காலத்திலிருந்து கேட்கிறோம். எங்கள் பனங்காட்டில் சர்வே ஆட்கள் வந்து ஒரு மரத்தில் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டார்கள். அதில் ஒருவர் என் உம்மாவிடம் "இந்த மரத்தை வெட்ட வேணாம்மா, ரயில் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பதநீர் குடித்துவிட்டுப் போனார். இன்னும் அந்த ஒரு மரத்தில் மட்டும் ஓலை வெட்ட விட மாட்டார் உம்மா. கீழக்கரைக்கு, சாயல்குடிக்கு, தொண்டிக்குச் சாதா ரயில் விடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

பரமக்குடி பாஸ்கர்

நசீர் பாய், சாதா பாதைக்கும் இதே சிக்கனம்தான் வேண்டும், அதனால்தான் பேசுகிறோம். மொபைலில் அழுத்தியதில் என் பதிவு பாதியில் போய்விட்டது. ஐந்தாவது, கீமேன் ஐயாவுக்கு. "முன்னாடி எங்கே ஓடியது" என்ற கேள்வி ஜப்பானுக்கே வந்தது. 1961இல் உலக வங்கி அவர்களுடைய முதல் புல்லட் ரயிலான டோக்கைடோ பாதைக்கு 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. சோதனை நிலையில் உள்ள தொழில்நுட்பத்துக்கு அது கடன் தராது, அதனால் ஜப்பான்காரர்கள் "இதில் புதிதாக எதுவும் இல்லை, ஏற்கனவே ஓடிக்காட்டிய சாமான்களைச் சேர்த்திருக்கிறோம்" என்றுதான் வாதாடினார்கள். செலவு மதிப்பீட்டைப்போல இரண்டு மடங்கு ஆனது, ரயில்வே தலைவர் சோகோவும் தலைமைப் பொறியாளர் ஷிமாவும் 1963இல் பதவியை விட்டுப் போனார்கள். ரயில் ஓடியது 1964 அக்டோபர் 1.

பாம்பன் பழைய கீமேன்

அதே 1964 டிசம்பரில் இங்கே தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் கொண்டுபோனது. பாலத்தின் கர்டர்களும் போயின. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் எழுப்பினார், அதுவும் எப்படி, கடலில் விழுந்த கர்டர்களையே தேடித் தூக்கி மறுபடி வைத்து. சிக்கனம் என்றால் எனக்கு அதுதான். அதற்கு யாரும் கூட்டம் போட்டு நிதி கேட்கவில்லை.

உச்சிப்புளி செல்வம்

ஐயா, அது சிக்கனம் இல்லை, வேறு வழியில்லை.

பாஸ்கர், கேபிள் மூடி யோசனை நல்லதுதான், பையனிடம் சொல்கிறேன். ஆனால் ஃபைபர் கம்பியைச் சைட்டில் வளைக்க முடியாது, வளைவோடுதான் கம்பெனியில் வாங்க வேண்டும். மூடிக்கு ஓரம் வளையாமல் எப்படி? அதனால்தான் தட்டையான ஸ்லாப்பைப் பிடித்தான்.

பாம்பன் அந்தோணி

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள், நான் நாட்டுப்படகு. ஒரு விஷயம் கேட்கத்தான் வந்தேன்.

கொஞ்ச வருஷம் முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், ஒரு சாரும் கூட. ரயில் பாதைக்குப் புதுக் கான்கிரீட், உப்புத் தண்ணியில் வைத்துப் பார்க்கணும், இடம் காட்டுங்கள் என்றார்கள். நம் வத்தைப் படகில் கூட்டிப்போய், படகு கட்டுகிற பழைய குத்துக்காலில் கயிறு போட்டுத் தொங்கவிட்டுக் கொடுத்தேன். பாதி தண்ணிக்குள், பாதி அலை அடிக்கிற இடத்தில். ஒவ்வொரு கட்டியிலும் அலுமினியத் தகடு. அதில் ஒரு பெண்பிள்ளை ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது, "அண்ணே, இது அவுந்தா எங்க படிப்பே போச்சு" என்றது. முதலில் மாசா மாசம் வந்தார்கள். அப்புறம் சார் போன் பண்ணினார், பணம் நின்றுபோச்சு, அடுத்த தவணை வந்ததும் வருகிறோம் என்றார். அந்த நம்பர் இப்போது வேலை செய்யவில்லை.

கட்டிகள் இன்னும் அங்கேயே தொங்குகின்றன, சிப்பி அப்பிப்போய்க் கிடக்கின்றன. கயிறு இற்றுப்போகிற நேரமெல்லாம் நான்தான் மாற்றிக் கட்டுகிறேன். எடுத்துப் போட்டுவிடலாமா என்று என் வீட்டில் கேட்கிறார்கள், எனக்கு அந்தப் பிள்ளை சொன்னது காதிலேயே இருக்கிறது. யாருக்காவது அவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்.

உச்சிப்புளி செல்வம்

அண்ணே, எடுத்துவிடாதீர்கள்! காசு கொடுத்தாலும் கிடைக்காதது அது. இத்தனை வருஷம் அலையில் கிடந்த மாதிரி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, தேதி இருக்கிறதா? உள்ளே இரும்பா ஃபைபரா?

பாம்பன் பழைய கீமேன்

அந்தோணி, படம் எடுத்தால் இரண்டு பக்கமும் எடு.

ராமநாதபுரம் மீனா

செல்வம் அண்ணே, கட்டி உங்களுடையது இல்லை. அதை அறுத்து உங்கள் விண்ணப்பத்தில் போட்டால் நாளைக்கு அந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். முதலில் எந்தக் கல்லூரி என்று பாருங்கள், மானியம் கொடுத்த இடத்தில் அவர்கள் பெயர் இருக்கும்.

பாம்பன் அந்தோணி

தகட்டில் நம்பரும் தேதியும் குத்தியிருக்கிறது, கல்லூரிப் பெயர் மை எழுத்து, அழிந்துபோச்சு. உள்ளே என்ன கம்பி என்று எனக்குத் தெரியாது, உடைத்தால்தானே தெரியும், உடைக்க விட மாட்டேன்.

செல்வம் தம்பி வந்து பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். எடுத்துப்போவதாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் கூட வர வேண்டும். விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் வாருங்கள், அன்றைக்கு நாங்கள் கரையில்தான் இருப்போம். படகுக்கு வாடகை வேண்டாம், டீசல் மட்டும் போட்டுவிடுங்கள்.