மாவுச்சத்த நிறுத்தினா கேன்சர் செல் பட்டினில செத்துடுமா? மைட்டோகாண்ட்ரியா பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலக்கோடு தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு மார்பகத்துல கேன்சர், கீமோ போயிட்டிருக்கு, பாலக்கோடு பக்கத்துல இருந்து பெங்களூருக்கு கூட்டிட்டு போய் வர்றோம். சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் அனுப்பிட்டாரு, கேன்சர் செல்லுல மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற பாகம்) கெட்டுப் போயிருக்கும், அதனால அதுக்கு சக்கரைய விட்டா வேற சாப்பாடே கிடையாது, இத கண்டுபிடிச்சதுக்குத்தான் வார்பர்க்ங்கற விஞ்ஞானிக்கு 1931ல நோபல் குடுத்தாங்க, மாவுச்சத்த அடியோட நிறுத்தினா கட்டி தானா செத்துடும்னு. அதுலருந்து அம்மா களியும் தொடறதில்ல சோறும் தொடறதில்ல. மாம்பழ சீசன் வேற, ஒரு துண்டு வாயில வெக்க மாட்டேங்கிறாங்க. எடை எறங்கிட்டே வருது, பாக்கவே பயமா இருக்கு. ஆனா பெட் ஸ்கேன்ல சக்கரை மாதிரி ஒண்ண ஏத்தித்தானே கட்டிய பாக்கறாங்க, அப்போ அந்த மெசேஜ்ல கொஞ்சமாச்சும் உண்மை இருக்குமோன்னும் தோணுது. தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க.

தர்மபுரி வாத்தியார்:
தம்பி, நான் காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி எடுக்கறேன், டாக்டர் இல்ல. சாப்பாட்டு விஷயத்த அம்மாவ பாக்கற டாக்டர்கிட்ட இன்னிக்கே போன் பண்ணி கேளுங்க, எடை எறங்குதுன்னு மறக்காம சொல்லுங்க. மெசேஜ்ல இருக்கற சயின்ஸ மட்டும் நான் சொல்றேன்.

கேன்சர் செல் சக்கரைய அதிகமா இழுக்குதுங்கறது நெசம்தான். ஒரு குளுக்கோஸ் செல்லுக்குள்ள வந்தா மொதல்ல பைருவேட்டா உடையும், அதுல கிடைக்கிறது 2 ஏடிபி, ஏடிபிங்கறது செல்லு செலவழிக்கற சக்தி காசு மாதிரி. அப்புறம் ஆக்சிஜன் இருந்தா பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் முழுசா எரிஞ்சு மொத்தம் 30, 32 ஏடிபி வரைக்கும் வரும். ஆக்சிஜன் தாராளமா இருந்தும் கட்டி செல்லு பைருவேட்ட லாக்டிக் ஆசிடா மாத்தி வெளிய தள்ளுதுன்னு 1920கள்லயே ஓட்டோ வார்பர்க் பாத்துட்டாரு. இத்தன நஷ்டத்துக்கு ஏன் ஓட்டணும், மைட்டோகாண்ட்ரியா பழுதாத்தான் இருக்கணும்னு அவரு முடிவு பண்ணி, 1956ல கூட அதையே எழுதினாரு. ஆனா 1931 நோபல் இதுக்கு இல்ல, செல்லோட சுவாசத்துல வேல செய்யற என்சைம் பத்தின ஆராய்ச்சிக்கு. அந்த மெசேஜ் எழுதினவங்க ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டாங்க.

பின்னாடி வந்தவங்க பாத்தப்போ பெரும்பாலான கேன்சர்ல மைட்டோகாண்ட்ரியா நல்லாவே வேல செய்யுது, ஆக்சிஜனும் எடுத்துக்குது. அப்புறம் ஏன் சக்கரைய வீணடிக்குதுன்னா, அது வீண் இல்ல தம்பி. ரெண்டா பிரிய வேண்டிய செல்லுக்கு ஏடிபி மட்டும் போதாது, புதுசா டிஎன்ஏ வேணும், கொழுப்பு வேணும், புரதம் வேணும். வீடு கட்டறவனுக்கு கரன்ட் மட்டும் இருந்தா பத்தாது, செங்கல்லும் வேணும் பாருங்க. குளுக்கோஸ் உடையற வழியில பாதியிலயே சிலத திருப்பி எடுத்து டிஎன்ஏவுக்கான ரைபோஸ் செய்யுது, மைட்டோகாண்ட்ரியாவுல இருந்து சிட்ரேட்ட வெளிய எடுத்து கொழுப்பு செய்யுது. நோய எதிர்க்கற வெள்ளை அணுல ஒரு வகையான நம்ம டி செல்லு கிருமிய பாத்து வேகமா பெருகறப்போ கூட இதே வேலையத்தான் பண்ணுது, ஆக இது கேன்சருக்கு மட்டும் உள்ள குணம் இல்ல.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். நியூசிலாந்துல இருக்கறவங்க சேந்து பண்ணி 2015ல வெளியிட்ட ஆராய்ச்சி, எலியோட மார்பக கேன்சர் செல்லுல இருந்து மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏவ எடுத்துட்டு எலிக்குள்ள விட்டாங்க. கட்டி வர்றதுக்கு ரொம்ப லேட்டாச்சு. கடைசில வந்த கட்டிய பாத்தா, எலியோட சொந்த செல்லுல இருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவ வாங்கிக்கிட்டுத்தான் வளந்திருக்கு. 2019ல அதுக்கு மேல பாத்தாங்க, மைட்டோகாண்ட்ரியா முக்கியமா தேவைப்பட்டது ஏடிபிக்காக கூட இல்ல, டிஎன்ஏவுக்கான பிரிமிடின்ங்கற மூலப்பொருள் செய்யறதுக்கு. மைட்டோகாண்ட்ரியா செத்துப் போச்சுங்கற கதை இந்த எடத்துலயே நிக்கல.

ஊத்தங்கரை அக்கா:
தம்பி மொதல்ல அம்மாவ சாப்பிட வைங்க. எங்க வீட்டுக்காரருக்கு கீமோ நடந்தப்போ டயட்டீஷியன் பொறுமையா வெளக்கினாங்க, அத அப்படியே சொல்றேன். சோத்த நிறுத்தினா ரத்தத்துல சக்கரை காலியாகாது, கல்லீரல் தானே குளுக்கோஸ் செஞ்சு விட்டுடும், அதுக்கு வேண்டிய சாமான் எங்கருந்து வரும், உடம்போட சதைலருந்துதான். சதை கரைஞ்சா குளுட்டமின்ங்கற அமினோ ஆசிடும் வெளிய வரும், அதையும் கேன்சர் செல்லு சாப்பிடும். கட்டி வெளிய தள்ற லாக்டேட்ட (சார் சொன்ன லாக்டிக் ஆசிட்தான்) திரும்ப குளுக்கோஸா மாத்த கல்லீரலுக்கு 6 ஏடிபி செலவு, கட்டி அதுல சம்பாதிச்சது வெறும் 2. நஷ்டம் பூரா அம்மா உடம்புக்கு. எடை ரொம்ப எறங்கினா கீமோ தள்ளிப் போடற நெலம வரும். களியும் கீரை கடைசலும் குடுங்க, கொள்ளு, முட்டை எது எறங்குதோ அது. மாம்பழத்த நல்லா கழுவி வீட்டுலயே தோல் சீவி குடுங்க, வெளிய நறுக்கி விக்கறது வேணாம், வெள்ளை அணு கொறஞ்சிருக்கும். சுகர் இருந்தா மட்டும் அளவ டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

ஓசூர் பார்மசிஸ்ட்:
மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், ஏன்னா இதே மாதிரி மெசேஜ படிச்சுட்டு கடைல வந்து சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் கேக்கறாங்க. அது மைட்டோகாண்ட்ரியாவுல சக்தி செய்யற வேலைல இருக்கற காம்ப்ளெக்ஸ் 1ங்கற புரதக் கூட்டத்த தடுக்கும், சரிதான். ஆனா சுகர் இல்லாத 3,649 மார்பக கேன்சர் நோயாளிகள சேத்து பண்ணின ட்ரயல் 2022ல வந்துச்சு, முக்கியமா பாத்த குரூப்ல அத சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. தயவுசெஞ்சு நீங்களா வாங்கி குடுக்காதீங்க. மைட்டோகாண்ட்ரியாவ வெச்சு நெசமாவே வேல செய்யற மருந்தும் இருக்கு, வெனட்டோகிளாக்ஸ். மைட்டோகாண்ட்ரியா மேல உக்காந்துக்கிட்டு செல்ல சாக விடாம தடுக்கற பிசிஎல்-2ங்கற புரதத்த அது புடிச்சுக்கும், அமெரிக்காவுல 2016ல அனுமதி குடுத்தாங்க. ஆனா அது சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு.

பாலக்கோடு தம்பி:
ரொம்ப நன்றி சார், அக்கா, அண்ணா. டாக்டர்கிட்ட பேசிட்டேன், எதையும் நிறுத்த வேணாம்னு அவங்களும் சொல்லிட்டாங்க, ஸ்பீக்கர்ல போட்டு அம்மாவையே கேக்க வெச்சேன். ஒரே ஒரு சந்தேகம், அடுத்த பெட் ஸ்கேனுக்கு மட்டும் வெறும் வயித்துல வரச் சொல்றாங்களே, அது எதுக்கு?

தர்மபுரி வாத்தியார்:
நல்லதாச்சு தம்பி. சாப்பிட்டா இன்சுலின் ஏறும், அப்போ ஏத்தற எஃப்டிஜியெல்லாம் (நீங்க சொன்ன சக்கரை மாதிரி பொருள் அதுதான்) சதைக்கும் இதயத்துக்கும் போயிடும், கட்டி சரியா தெரியாது. எஃப்டிஜி செல்லுக்குள்ள போனதும் ஒரு பாஸ்பேட் ஒட்டி அதுக்கு மேல உடைய முடியாம அங்கயே மாட்டிக்கும், அதனாலதான் படத்துல பளிச்சுன்னு தெரியுது. மூளையும் அப்படித்தான் தெரியும், அது எப்பவுமே குளுக்கோஸ் நெறைய எடுக்கும், ரிப்போர்ட்ல அத பாத்து பயந்துடாதீங்க. ஸ்கேனுக்கு முந்தின நாளு கடினமான வேல எதுவும் அம்மா பாக்க வேணாம், தண்ணி குடிக்கலாமான்னு ஸ்கேன் சென்டர்ல கேட்டுக்கங்க. ஸ்கேன் முடிஞ்சதும் சாப்பிட கையோட எதாவது கட்டி எடுத்துட்டு போங்க.