ஊழியத்துக்கு நம்மை உருவாக்கினவர்கள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

சபை வாசகர்

எங்க சேகரத்து (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகள்) உபதேசியாரை, அதாவது குருவுக்கு உதவியாகச் சபையை நடத்துகிறவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரசங்கம் பழக வருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒரு பழைய காணிக்கைக் கவர். திங்கட்கிழமை வேதபகுதியை வாய்விட்டு 3 தடவை வாசிக்கணும். புதனுக்குள் முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்கள். வியாழக்கிழமை கவரின் பின்பக்கம் ஒரே வாக்கியம். அதில் அடங்கவில்லையா, பிரசங்கம் இன்னும் வேகவில்லை. ஒத்தவாக்கியம் (அதே கருத்துள்ள வேறு வேதவசனம்) 2-க்கு மேல் கூடாது. மூன்றாவதைப் புரட்டும்போதே பின்வரிசை கைவிட்டுப் போய்விடும். 20 நிமிஷத்தில் இறங்கணும்.

ஒரு தம்பி, ஆபிரகாம் வனாந்தரத்துக்கு அனுப்பிவிட்ட அடிமைப்பெண் ஆகாரை எடுத்துக்கொண்டு 45 நிமிஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு இறங்கினான். கோவில் வாசலில் ஐயா கையைப் பிடித்து, "சாப்பிட்டியா?" என்றார், அவ்வளவுதான். செவ்வாய் சாயங்காலம் அவன் குறிப்பை வாங்கி, சிவப்புப் பென்சிலால் 9 பத்தியில் 8-ஐ ஒவ்வொன்றாக அடித்தார். மிஞ்சியது ஆகார் தண்ணீர்த் துரவை (கிணற்றை) கண்ட இடம். "இது கர்த்தர் உனக்குக் காட்டினது. மத்தது நீ அங்கங்க எடுத்தது" என்றார். பிரசங்கியான அப்பொல்லோவை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியே கூட்டிப்போய்த்தானே விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). அந்தப் பென்சில் நகர்ந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜெபக்குழுச் சகோதரி

பிரசங்க பீடத்தில் யாரும் நன்றாகத்தான் தெரிவார்கள். ஓய்வுபெற்ற எங்கள் ஐயர் (குருவானவர்), வியாதியஸ்தருக்குத் திருவிருந்து (இயேசுவின் நினைவான அப்பமும் திராட்சரசமும்) கொடுக்கப் போகும்போது புதிதாக வந்த உதவி குருவையும் கூட்டிப்போவார். வார்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி நர்ஸிடம்: வாய்வழியாக ஏதும் கொடுக்கலாமா? கட்டிலில் உட்காரக் கூடாது. தலைமாட்டில் நிற்கக் கூடாது. கழுத்தைத் திருப்பாமலே நம் முகம் தெரிகிற மாதிரி இடுப்புக்கு நேரே நிற்கணும். அப்பத்தில் கால்வாசியைக் கிள்ளி, திராட்சரசத்தில் தோய்த்து ஸ்பூனில் கொடுப்பார். முழுசாகக் கொடுத்தால் காய்ந்த அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சங்கீதம் 121 போதும், 8 வசனம்தான். மொத்தம் 10 நிமிஷம். ஜெபம் நீண்டால் பாவம், நோயாளி சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார், கூச்சத்தில் சொல்லவும் மாட்டார்.

ஆனால் மனதை விட்டுப் போகாதது அந்த எவர்சில்வர் ஸ்பூன். ஜெபம் முடியும்வரை அதை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருப்பார். ஏசி அறையில் சில்லென்று உதட்டில் பட்டால் திடுக்கிடுவார்களாம்.

தஞ்சைக்காரன்

இரண்டு பேரும் மன்னிக்கணும். நீங்கள் சொல்வது செய்முறை. ஆளைக் கண்டெடுக்கிறவர்தான் ஆவிக்குரிய தகப்பன். 1750-ல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரைப் பாருங்கள். திருநெல்வேலிச் சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். அவர்தான் பிறகு கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் உருவாக்கின இன்னொருவர், 1790-ல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன், பாளையங்கோட்டைச் சபையைத் தாங்கினார். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்துக்குள் போனால் பளிங்குச் சிற்பத்தைக் கிட்டே நின்று பாருங்கள். சாகும் படுக்கையில் சுவார்ட்ஸ். அவர் கையைப் பற்றிக்கொண்டு தஞ்சை மன்னர் சரபோஜி. கிறிஸ்தவர் ஆகாத ராஜா, ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு செய்வித்தது. அந்தப் பிடியைப் பார்த்த பிறகு நன்றி என்ற சொல்லைச் சும்மா சொல்ல வாய் வராது.

சேகரப் பொருளாளர்

ஸ்பூனைக் கையில் பொத்தி வைப்பது செய்முறை இல்லை, அண்ணாச்சி.

சபை வாசகர் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் உபதேசியாருக்குப் பொன்னாடை போடாதீர்கள். அவர் வீட்டுப் பரணில் அது 30 இருக்கும். அவருடைய பிரசங்க நோட்டுகளைக் காப்பாற்றுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். சபையாரின் சொந்தக் கஷ்டங்கள் எழுதின பக்கம் இருந்தால் அவரே எடுத்துவிடட்டும். ரப்பர் பேண்டை இழுக்காமல் கத்தரியால் வெட்டணும், இற்றுப்போனது தாளோடு ஒட்டியிருக்கும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை ஒவ்வொரு காலாக நிமிர்த்தி எடுங்கள். ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில், போனை மேலே நேராகப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கணும். ஃபிளாஷ் போட்டால் வழவழப்பான தாள் பளிச்சிட்டு எழுத்து மறையும். படம் எடுப்பதற்கு முன்பே ஓரத்தில் மெல்லிய பென்சிலால் பக்க எண் போடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால் கலைந்த தாளை அடுக்க அவராலும் முடியாது. 2 பிரதி, வேறு வேறு வீட்டில். சுருக்கெழுத்து மாதிரி அவர் எழுதினதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணுங்கள், ஒரு தடவைக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் குரல் தாங்காது. இதை அடுத்த அசனத்துக்கு (சபை விருந்துக்கு) பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள்.

வார்டு சிஸ்டர்

ஜெபக்குழு அக்கா, ஒரு திருத்தம். பக்கவாதம் வந்தவருக்கு அந்தக் கால்வாசி அப்பமும் வேண்டாம். விழுங்க வராமல் நுரையீரலுக்குள் போய்விடும். தலைமாட்டை நன்றாக உயர்த்தி, டாக்டர் சரி என்றால் மட்டும். இல்லையென்றால் ரசத்தில் தொட்ட விரலால் உதட்டில் ஒரு ஈரம், அவ்வளவுதான். எங்கள் வார்டுக்கு வரும் ஒரு ஐயரம்மா ஒவ்வொரு பயிற்சி நர்ஸுக்கும் இதைத் தன் விரலை நீட்டிக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறார்.