14 வயது மகனுக்கு ஆட்டிசம்: தானாகக் குளிக்க, பல் தேய்க்க எப்படிப் பழக்குவது?

காட்பாடி அம்மா:
வணக்கம். என் மகனுக்கு 14 வயது. சொல்வதெல்லாம் புரியும், ஆனால் குளியலறை வாசலில் நின்று "சோப்பு போடு, கழுத்தைத் தேய், தண்ணி ஊத்து" என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் கை நகரும், நிறுத்தினால் சொம்பைப் பிடித்தபடி அப்படியே நிற்பான். பல் தேய்த்துவிடுவது இன்னும் நான்தான். இப்போது மீசை அரும்புகிறது, வியர்வை வாடை வேறு, நம் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளர்ந்த பையனை எத்தனை நாள் நீயே குளிப்பாட்டுவாய் என்கிறார் மாமியார், அவர் கேட்பதும் நியாயம்தான். அவன் அப்பா விடிவதற்குள் சென்னை ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ராணிப்பேட்டை அப்பா:
அக்கா, உங்கள் குரலும் அவனுக்குக் குளியலில் ஒரு பகுதியாகிவிட்டது. கையைப் பிடித்துச் செய்யவைத்தால் பிடியை மெல்லத் தளர்த்திவிடலாம், வாயால் சொல்லிப் பழக்கினால் அதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. எங்கள் வீட்டில் குளியலின் ஒவ்வொரு வேலையையும் காட்டும் படங்களை லேமினேட் செய்து சுவரில் ஒட்டினோம். மறந்து நின்றால் படத்தைக் காட்டுவோம், பேச மாட்டோம். முதலில் கடைசி வேலையை மட்டும் அவனிடம் விடுங்கள்: மற்றதெல்லாம் நீங்கள், துண்டால் துடைப்பது அவன். அது படிந்ததும் அதற்கு முந்தைய வேலை. குழாயைத் திறந்துவிடாமல் ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து வையுங்கள், பக்கெட் காலியானால் குளியல் முடிந்தது என்று அவனுக்கே தெரியும்.

தெரபிஸ்ட், சத்துவாச்சாரி:
பல் விஷயத்தில் அடம் என்று முடிவு கட்டாதீர்கள். பேஸ்ட்டின் காரமும் நுரையும் பல பிள்ளைகளுக்குத் தாங்காது. நுரைக்காத, வாசனை இல்லாத பேஸ்ட், மென்மையான பிரஷ் வாங்குங்கள். நன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மறுத்தால் சொத்தையாக இருக்கலாம், பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக எதையும் பள்ளி வேன் வரும் நேரத்தில் பழக்க வேண்டாம், மாலைதான் தோது. மீசைக்கு பிளேடு வேண்டாம், டிரிம்மர். அந்தச் சத்தம்தான் தொல்லை, அதனால் முதலில் தூரத்தில் ஓடவிட்டு, அப்புறம் அவன் கையிலேயே கொடுத்து, பிறகுதான் முகத்துக்கு. கதவைச் சாத்துவது, துண்டு கட்டாமல் வெளியே வராதது, இதையும் கூடவே பழக்கிவிடுங்கள், இந்த வயதில் அது ரொம்ப முக்கியம்.

குடியாத்தம் அம்மா:
பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள், அதற்கு முன்பே சும்மா சானிட்டரி பேட் வைத்துக் கொஞ்ச நேரம் நடமாடவிடுங்கள். ரத்தத்தைப் பார்க்கும் அன்றைக்கே பேடும் புதிது என்றால் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். இன்னொன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசமும் உண்டு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் கிடைக்கும். விண்ணப்பித்து வையுங்கள்.

காட்பாடி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் மட்டும் கத்திக் கூப்பாடு போடுகிறான், அதை என்ன செய்ய?

ராணிப்பேட்டை அப்பா:
இப்போதைக்கு விட்டுவிடுங்கள் அக்கா. சீயக்காய் கண்ணில் பட்டால் நமக்கே எரிகிறது. பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தினக்குளியல் முதலில் படியட்டும்.