நாடாளுமன்ற ஆட்சியா, அதிபர் ஆட்சியா: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: வைகறை

அரசமைப்புகளை ஒப்பிட்டுப் படித்து வருகிறேன். நாடாளுமன்ற முறை பொறுப்புடைமைக்கும் அதிபர் முறை நிலைத்தன்மைக்கும் உகந்தவை என்று சொல்லிவிட்டு நூல்கள் பலவும் அடுத்த பகுதிக்குப் போய்விடுகின்றன. ஆனால் பிரிட்டனில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மூவர் பிரதமராக இருந்தும் அரசு இயந்திரம் நின்றுவிடவில்லை. பதவிக்காலம் வரையறுக்கப்பட்ட அமெரிக்காவிலோ, நிதி ஒதுக்கீட்டில் அதிபருக்கும் காங்கிரசுக்கும் உடன்பாடு எட்டப்படாததால், 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள்கள் அரசுத் துறைகள் பல முடங்கிக் கிடந்தன. அப்படியானால் நிலைத்தன்மை என்று எதைச் சொல்கிறோம்? இரு முறைகளையும் நேர்மையாக ஒப்பிட உதவும் அளவுகோல் ஏதேனும் உண்டா?

மறுமொழி: செம்புலம்

என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஆட்சித் தலைவரைப் பதவிக்காலத்தின் நடுவே யார், எந்தக் காரணத்துக்காக நீக்கலாம், நீக்கிய மறுநாள் நாட்டை ஆள்பவர் யார்?

அமெரிக்க அரசமைப்பின்படி தேசத்துரோகம், லஞ்சம், பிற பெருங்குற்றங்கள் ஆகியவற்றுக்காகவே அதிபர் மீது பதவிநீக்க விசாரணை நடத்த முடியும். அவரை நீக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். 1868-இல் ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் ஆண்ட்ரூ ஜான்சன் தப்பினார். இன்றுவரை எந்த அதிபரும் இவ்வழியில் பதவியிழந்ததில்லை. நாடாளுமன்ற முறையில் குற்றம் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அவையின் நம்பிக்கையை இழந்தாலே போதும். 1999 ஏப்ரலில் இந்தியாவில் வாஜ்பாய் அரசு, ஆதரவாக 269, எதிராக 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. ஆனால் கவிழ்க்கச் சேர்ந்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. மக்களவை கலைக்கப்பட்டு, தேர்தல் முடிந்து அக்டோபரில் புதிய அரசு பதவியேற்கும் வரை தோற்ற அரசே காபந்து அரசாக நீடித்தது. கார்கில் போர் நடந்ததும் அந்த இடைவெளியில்தான்.

இந்தக் குறையைப் போக்க ஜெர்மனி கண்ட வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன் ஜெர்மனியில் இருந்த வைமர் குடியரசில், எதிலும் ஒத்துப்போகாத நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அரசை வீழ்த்துவதற்கு மட்டும் சேர்ந்து வாக்களித்தார்கள்; 1932 செப்டம்பரில் பாப்பன் அரசு 512-க்கு 42 என்று தோற்றது. அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள் 1949-இல் இயற்றிய அடிப்படைச் சட்டம் எனும் அரசமைப்பின் 67-ஆவது பிரிவு, அடுத்த சான்சலரை, அதாவது ஆட்சித் தலைவரை, பெரும்பான்மையுடன் தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை நீக்க முடியும் என்கிறது. 1982 அக்டோபர் 1 அன்று சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் நீக்கப்பட்டதும் ஹெல்முட் கோல் தேர்வானதும் ஒரே வாக்கெடுப்பில் முடிந்தன.

மறுமொழி: கரைமேடு

செம்புலம் அவர்களின் அளவுகோல் பயனுள்ளதே. ஆயினும் அது பாதி வழிதான் வருகிறது. ஜெர்மனியைப் போன்ற ஏற்பாடு பெல்ஜியத்திலும் உண்டு. அது இருக்கும் அரசைக் காக்குமே தவிர, இல்லாத அரசை உருவாக்கித் தராது. 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு அங்கே கூட்டணி பேசி முடிக்க 541 நாள்கள் ஆயின. அவ்வளவு காலமும் காபந்து அரசே ஆண்டது. 2011-இல் லிபியா மீதான இராணுவ நடவடிக்கையில் பங்கேற்பதுகூட நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு அந்த அரசின் கீழ்தான் நடந்தது. ஆகவே அரசு எப்படி அமைகிறது, எந்தத் தேர்தல் முறை எத்தனை கட்சிகளை அவைக்குள் கொண்டுவருகிறது என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

மறுமொழி: நெடுவழி

அதிபர் முறையை அமெரிக்காவை மட்டும் வைத்து எடைபோடுவது சரியன்று. தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவில் அதிபர் யூன் சுக் இயோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கோரினால் அதை விலக்கியாக வேண்டும் என்பது அந்நாட்டு அரசமைப்பின் விதி. படையினர் வளாகத்துக்குள் நுழைந்திருந்த நிலையிலும் உறுப்பினர்கள் சிலர் மதிலேறிக் குதித்து அவைக்குச் சென்றார்கள். 300 பேரில் 190 பேர் கூடி, 190 பேருமே எதிர்த்து வாக்களித்தார்கள். டிசம்பர் 14 அன்று பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜூன் 3 அன்று தேர்தல் நடந்தது. அரசியல் தீர்மானத்தை அவை எடுக்கிறது, சட்டம் மீறப்பட்டதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்கிறது. இப்பணிகள் இரண்டையும் காங்கிரசின் இரு அவைகளிடமே விட்டுவைத்திருக்கும் அமெரிக்க ஏற்பாட்டைவிட இது மேலானது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி: செம்புலம்

கரைமேடு அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். என் அளவுகோலுக்குள் எளிதில் அடங்காத நாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் அமைச்சரவையான கூட்டாட்சி அவையில் எழுவர் இருக்கிறார்கள். நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் சேர்ந்து அவர்களை ஒவ்வொருவராக நான்காண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கின்றன. அதன்பின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அவர்களை நீக்க வழியில்லை. அப்படியிருந்தும் 1848 முதல் இந்த ஏற்பாடு நீடிக்கிறது. குடியரசுத் தலைவர் பதவி ஆண்டுதோறும் அந்த எழுவருக்குள்ளேயே கைமாறுகிறது. அதை வகிப்பவருக்கும் மற்ற அறுவரைப் போலவே ஒரு துறையும் ஒரு வாக்கும் உண்டு, அவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் மட்டும் கிடையாது.