"கண்ணு ரெண்டையும் எங்கல வச்ச?" - முகம் எடுத்துச் சொதப்பின கதைகள்

வள்ளியூர்க்காரன்:
போன பதநீர் சீசன்ல திசையன்விளைப் பக்கம் ஒரு பனங்காட்டுக்குப் போனேன். கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, 50 எம்எம் லென்ஸ், அதோட துளையை நல்லா அகலமா எஃப் 1.8ல திறந்து வச்சிருந்தேன். கருப்பட்டி காய்ச்சுற ஆச்சியை வெளியே கூப்பிட்டு, பனைவரிசைக்கு முன்னால நிறுத்தி எடுத்தேன். உச்சிவேளை. திரையில காட்டினதும் ஆச்சி கேட்டாங்க: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கண்ணு ரெண்டையும் எங்கல வச்ச?"

நியாயமான கேள்வி. தலைக்கு மேலேருந்து விழுற வெயில்ல புருவத்தோட நிழல் கண்குழியை மூடிரும். மூக்குக்குக் கீழே இலவசமா ஒரு மீசை. பின்னணி மங்கினாலே போர்ட்ரெய்ட்டுன்னு நினைச்ச ஆள் நான்.

பாகு முறுகிருமேன்னு ஆச்சி விடிலிக்குள்ள, அதான் பதநீர் காய்ச்சுற குடிசைக்குள்ள, ஓடிட்டாங்க. நானும் பின்னாலயே போனேன். ஓலைக்கூரை, ஒரே வாசல். வெளியே செம்மணல்ல பட்டுத் திரும்பின வெளிச்சம் பக்கவாட்டுல ஒரு கன்னத்துல விழுது. கண்மணிக்குள்ள அந்த வாசலே சின்னதா மின்னுது!

முதல் படம் வெளுத்துப்போச்சு. சுத்தி இருட்டா இருந்தா கேமரா மொத்தத்தையும் வெளிச்சமாக்கப் பாக்கும், முகம் அடிபடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியா, குறைச்சேன். அடுத்ததுல மூக்குநுனி ஷார்ப், கண்ணு மங்கல். துளையைச் சுருக்கி எஃப் 2.8 வச்சு, நமக்குக் கிட்ட இருக்கிற கண்ணுல ஃபோகஸ் பண்ணினேன். கிண்டுற கை ஆடுமேன்னு ஷட்டர் 1/125 நொடி, அதுக்காக ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு) 1600க்கு ஏத்தினேன். படத்துல குருணை விழுந்தது, விழட்டும்.

பேட்டைக்காரன்:
தம்பிக்குப் பொண்ணு பாத்த நேரம். ஜாதகத்தோட அனுப்புற போட்டோவை நான்தான் மொபைல்ல, மூஞ்சிக்கு ஒரு அடியில நின்னு எடுத்தேன். "மாப்பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் எடுப்போ"ன்னு கேட்டுட்டாங்க. அவ்வளவு கிட்டத்துல காதைவிட மூக்கு கேமராவுக்கு ரொம்பப் பக்கம், அதான் பெருத்துக் காட்டுது. ஆறடி தள்ளி நின்னு 2எக்ஸ் ஜூம்ல எடுத்தேன், மூக்கு அடங்கிட்டு. அந்தச் சம்பந்தம் அமையல, அது வேற கதை.

டவுண் தார்சா:
எனக்கு வீட்டுத் தார்சாதான், அதான் முன்கூடம்தான், ஸ்டூடியோ. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலில வெள்ளை வேட்டியை விரிச்சுப் போட்டா நிழல்பக்கக் கன்னம் தெளிஞ்சிரும். காவி வேட்டி வேண்டாம், மூஞ்சியும் காவியாயிரும். வள்ளியூர் அண்ணாச்சி, ஆச்சிக்குப் பிரிண்ட் கொடுத்தீங்களா?

வள்ளியூர்க்காரன்:
கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "கண்ணு வந்துட்டு. பல்லை எங்கல வச்ச?"ன்னாங்க. அதுக்கு நான் பொறுப்பில்ல.