புதுப்பிப்பு: மாதவரம் கிடாவின் விந்து உறைநிலையில் ஏன் சாகிறது?

போன மாதம் எழுதியிருந்தேன்: என் இரண்டு மெட்ராஸ் சிவப்பு இனச் செம்மறிக் கிடாக்களில் உருவத்தில் பெரியவனின் விந்து, எடுத்தவுடன் பார்த்தால் அருமை, உறைய வைத்து உருக்கினால் பெரும்பாலும் உயிரில்லை. விந்தை உறைய வைக்கும் கலனில் திரவ நைட்ரஜன் குறைந்திருக்கும் என்று பலர் சொன்னீர்கள்.

சரி என்று, இந்த முறை இரண்டு கிடாக்களிடமும் ஒரே காலையில் எடுத்தோம். குளிரில் விந்தணுவைக் காக்க ஒரே முட்டைக்கரு கரைசல், ஒரே கிளிசரால், ஒரே −196 டிகிரி கலன். 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி உருக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சின்னவனுடையது நேராக, விறுவிறுவென்று நீந்தியது. பெரியவனுடையது அங்கங்கே துடித்ததோடு சரி. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை.

ஒரே பட்டி, ஒரே தீனி, ஒரே வயது. அதனால் பெரியவனின் பிறவிக்கூறையே சந்தேகிக்கிறேன். செம்மறி விந்தணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் குறைவு. குளிரில் சட்டென்று விரிசல் விடும். அந்தச் சவ்வின் கொழுப்பும் புரதமும் கிடாவுக்குக் கிடா வேறுபடும், அதில் மரபணுக்களுக்கும் பங்கு உண்டு. ஒற்றை மரபணு அல்ல, பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக. புது விந்தின் வேகத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய பாடம்.

பெரியவனை விற்கமாட்டேன். நேரடிச் சேர்க்கைக்கு அவனைப் போல் கிடா இந்தப் பக்கம் இல்லை. சேமிப்புக்குச் சின்னவன். அப்புறம், பெரியவனின் மகன் ஒன்று புழலில் வளர்கிறது. பருவம் வந்ததும் அதன் விந்தையும் உறைய வைத்துப் பார்க்கப் போகிறேன்.