என்விடிஏவும் விசைப்பலகையும் மட்டும் கொண்டு ஆய்வேட்டை வேர்டில் வடிவமைக்க இயலுமா?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முழுப் பார்வையின்மை உடைய தமிழ் இலக்கிய ஆய்வு மாணவி. சங்க அகப்பாடல்கள் குறித்த என் ஆய்வேட்டின் முதல் சில இயல்களை வேர்டில் தட்டச்சு செய்துவிட்டேன். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானான என்விடிஏவும் தமிழ்99 விசைப்பலகையும் எனக்குப் பழக்கமானவை என்பதால் தட்டச்சில் சிக்கல் இல்லை. வடிவமைப்பில்தான் திணறுகிறேன்.

தலைப்புகள் ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் இருக்கின்றன, பத்திகளின் முதல் வரி சீராக உள்ளடங்கவில்லை, மேற்கோள் பாடல்களில் சொற்கள் இழுபட்டுத் தெரிகின்றன என்று நெறியாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார். தோழி ஒருவர் மவுஸால் ஒவ்வொன்றாகச் சரிசெய்து தருகிறார். ஆனால் நடுவில் நான் ஒரு பத்தியைச் சேர்த்ததும் மறுபடி எல்லாம் கலைந்துவிடுகிறது. இடப்பக்கம் ஒன்றரை அங்குலமும் மற்றப் பக்கங்களில் ஓர் அங்குலமும் ஓரம், ஒன்றரை வரி இடைவெளி, முன்பக்கங்களுக்கு ரோமன் எண் என்பவை பல்கலைக்கழகத்தின் விதிகள். இவற்றைப் பிறர் துணையின்றி நானே செய்துகொள்ள வழி உண்டா?

பழைய தட்டச்சர் எழுதியது:

வழி உண்டு, அம்மா.

உங்கள் தோழி செய்வது உதவிதான் என்றாலும், எழுத்தைத் தேர்ந்தெடுத்து அந்தந்த இடத்தில் அளவை மாற்றுவது பார்வையுள்ளவர்களுக்கே நிலைக்காத வேலை. ஒவ்வொரு பத்தியும் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மட்டும் ஆவணத்தில் குறித்துவிட்டு, அந்த வகை எப்படித் தோன்ற வேண்டும் என்பதை ஸ்டைலில் ஒரே ஒரு முறை எழுதிவைப்பதுதான் நமக்கு ஏற்ற முறை. இயல் தலைப்பில் நின்று கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றுடன் 1ஐ அழுத்தினால் அது ஹெடிங் 1 ஆகிவிடும். உட்தலைப்புகளுக்கு 2, 3. சாதாரணப் பத்திக்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், என்.

அடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் ஸ்டைலின் பெயரைக் கேட்கும் சிறு பலகை திறக்கும். அதில் டேப் விசையால் மாடிஃபை பொத்தானுக்குச் சென்று ஸ்பேஸ் அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ஆல்ட், ஓ அழுத்தினால் ஃபார்மட் பட்டியல் வரும். அங்கிருந்து ஃபான்ட், பேராகிராஃப் இரண்டுக்கும் செல்லலாம். நார்மல் ஸ்டைலின் பேராகிராஃப் பெட்டியில் ஸ்பெஷல் என்ற இடத்தில் ஃபர்ஸ்ட் லைன் என்பதைத் தேர்ந்து, வரி இடைவெளியை 1.5 ஆக்கிவிட்டால், ஸ்பேஸ் தட்டி முதல் வரியைத் தள்ளும் பழக்கத்துக்கு இடமே இராது. ஆனால் மற்ற ஸ்டைல்கள் பெரும்பாலும் நார்மலை ஒட்டியே அமைந்தவை; அதனால் தலைப்புகளுக்கும் மேற்கோளுக்கும் ஸ்பெஷல் என்ற இடத்தில் நன் என்று மாற்றிவிடுங்கள். ஹெடிங் 1க்கு அதே பெட்டியில் கண்ட்ரோல், டேப் அழுத்தி இரண்டாம் பக்கத்துக்குப் போய், பேஜ் பிரேக் பிஃபோர் என்பதைக் குறியிட்டால், ஒவ்வொரு இயலும் தானாகவே புதுப்பக்கத்தில் தொடங்கும். என்டரைத் தட்டித் தட்டி அடுத்த பக்கத்துக்குப் போகும் வழக்கம் எவ்வளவு பேரின் ஆய்வேட்டைச் சீரழித்திருக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பாடல்கள் இழுபடுவதற்குக் காரணம் ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். 4 முதல் 8 அடி வரை உள்ள குறுந்தொகைப் பாடலை ஒரே பத்தியாக வைப்பதற்காக, அடிதோறும் ஷிஃப்ட், என்டர் அழுத்தியிருப்பீர்கள். அது சரியான முறையே. ஆனால் அந்தப் பத்தி இருபுறமும் சமன்செய்யப்பட்டதாக இருந்தால், மூன்று சீர் கொண்ட ஈற்றயலடியைக்கூட வேர்டு வலப்பக்க ஓரம் வரை இழுத்துப் பரப்பும். நம் காதுக்கு அது தெரியாது. கண்ணுக்கு உடனே உறுத்தும். மேற்கோளுக்கென உள்ள கோட் என்னும் ஸ்டைலை மாற்றியமைத்து, இடப்பக்கச் சீரமைப்பும் அரை அங்குல உள்ளடக்கமும் கொடுத்து, எல்லாப் பாடல்களுக்கும் அதையே இடுங்கள்.

மவுஸால் செய்யப்பட்ட பழைய மாற்றங்கள் ஸ்டைலை மீறி நிற்கும் என்பதால் அவற்றையும் நீக்க வேண்டும். கோப்பின் நகல் ஒன்றைச் சேமித்துக்கொண்டு, முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், க்யூ அழுத்தினால் பத்தி அளவிலான கைவேலைகள் போய்விடும். எழுத்து அளவிலானவற்றுக்கு கண்ட்ரோல், ஸ்பேஸ். ஆனால் இரண்டாவதை முழு ஆவணத்துக்கும் செய்துவிடாதீர்கள். நூற்பெயர்களுக்கு இட்ட சாய்வெழுத்தும் சேர்ந்து போய்விடும். தலைப்புகளுக்கு மட்டும் தனித்தனியே செய்தால் போதும்.

சரிபார்ப்புக்கு இன்சர்ட், எஃப் விசைகளை இருமுறை அழுத்துங்கள். கர்சர் நிற்கும் இடத்தின் எழுத்துரு, அளவு, சீரமைப்பு, ஸ்டைல் எல்லாவற்றையும் நிதானமாகப் படிக்கத்தக்க தனிச் சாளரத்தில் என்விடிஏ தரும். இன்சர்ட், எஃப்7 அழுத்தித் தலைப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். ஓர் உட்தலைப்பு அதில் இல்லையென்றால், அது தடித்த எழுத்தில் இருக்கிறதே தவிரத் தலைப்பாக இல்லை என்று பொருள்.

தாழ்வாரம் எழுதியது:

தட்டச்சர் ஐயா சொன்னதோடு, தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சேர்க்க வேண்டும். வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளில் ஒன்றாகக் கருதுவதால், ஃபான்ட் பெட்டியில் லத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதியில் இன்னோர் எழுத்துருவும் அளவும் தனித்தனியே இருக்கும். முதலில் கேட்கும் அளவை 14 ஆக்கிவிட்டு ஓகே கொடுத்தால், ஆங்கில எழுத்துகளும் எண்களும் 14க்கு மாறியிருக்க, தமிழ் பழைய அளவிலேயே நின்றுவிடும். நெறியாளர் சொன்ன சிறிய தலைப்புகளுக்கு இது காரணமாக இருக்கக்கூடும். டேப் விசையால் பெட்டி முழுவதையும் கேட்டு, இரண்டாம் பகுதியில் நிர்மலா யூஐ அல்லது லதா என்று எழுத்துருவையும் அளவையும் இட்ட பிறகே வெளியே வாருங்கள்.

பழைய கட்டுரைகளிலிருந்து ஒட்டிய பகுதிகள் ஏதேனும் உண்டா என்றும் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் வானவில், பாமினி எழுத்துருக்களில் உருவான கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகளே என்பதால் திரைவாசிப்பான் பொருளற்ற எழுத்துக் கோவையைப் படிக்கும். எழுத்துருவை லதா என்று மாற்றுவதால் அவை தமிழாகிவிடா. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகொண்டு யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும்.

நெய்தல் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. பாடல்கள் இழுபட்ட காரணத்தை இதுவரை எவரும் சொன்னதில்லை. கோட் ஸ்டைலை மாற்றியதும் சரியாகிவிட்டதாகத் தோழி உறுதிசெய்தார். இன்னும் இரண்டு ஐயங்கள். இரட்டை என்டர்களை நீக்க, கண்ட்ரோல், ஹெச் பெட்டியில் கேரட் குறியையும், பேஜ் என்பதன் முதலெழுத்தான பி எழுத்தையும் இருமுறை இட்டுத் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. ரோமன் எண்களை எவ்வாறு இடுவது என்பதும் தெரியவில்லை.

பழைய தட்டச்சர் எழுதியது:

தேடும்போது தமிழ்99 இயக்கத்தில் இருந்திருக்கும். அந்த விசையில் தமிழ்99 ணகரத்தைத் தரும். வேர்டு பாவம், ணகரத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. விண்டோஸ், ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிய பின் இட்டுப் பாருங்கள். மாற்றுப் பெட்டியில் அதே குறியை ஒரு முறை மட்டும் இட வேண்டும்.

ரோமன் எண்ணுக்கு, முதல் இயலின் தலைப்புக்கு முன்னால் நின்று, ஆல்ட் அழுத்திவிட்டு, பேஜ் என்பதன் முதலெழுத்து, பிரேக் என்பதன் முதலெழுத்து, நெக்ஸ்ட் என்பதன் முதலெழுத்து ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கள். ஆவணம் இரு பிரிவுகளாகிவிடும். பிறகு இன்சர்ட் தாவலில் பேஜ் நம்பர் பட்டியலின் வழியே அடிப்பகுதியில் எண்ணைச் சேர்த்துவிட்டு, முதற்பிரிவில் நின்று அதே பட்டியலில் ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ் என்பதைத் திறந்து ரோமனைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் பிரிவில் நின்று சாதாரண எண்ணையும், ஸ்டார்ட் அட் என்ற இடத்தில் 1ஐயும் கொடுங்கள். இரு பிரிவுகளின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எண்ணின் வடிவம் அந்தந்தப் பிரிவுக்கே உரியது என்பதால் இதற்கு மட்டும் அது தேவையில்லை.

தாழ்வாரம் எழுதியது:

இன்சர்ட், கண்ட்ரோல் ஆகியவற்றுடன் டெல்லி என்பதன் முதலெழுத்தை அழுத்தினால் வரும் அமைப்புகளில் சீரமைப்பு, பத்தி உள்ளடக்கம், ஸ்டைல், பக்க எண் ஆகியவற்றை அறிவிக்கச் செய்யலாம். நாள் முழுவதும் இவற்றைக் கேட்டால் தலைவலிதான்; ஆகவே இன்சர்ட், கண்ட்ரோல் ஆகியவற்றுடன் பேஜ் என்பதன் முதலெழுத்தை அழுத்தி, சரிபார்ப்புக்கென்று தனிப் புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, வேண்டும்போது மட்டும் இயக்கிக்கொள்ளுங்கள்.

சமர்ப்பிக்கும் முன் பார்வையுள்ள ஒருவரை ஒருமுறை பார்க்கச் சொல்வதில் தவறில்லை. அட்டவணை ஓரத்தைத் தாண்டுகிறதா, படம் எழுத்தின் மேல் ஏறியிருக்கிறதா, அச்சில் தமிழ் எழுத்து ஏதேனும் உடைந்திருக்கிறதா என்ற மூன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். பார்த்ததை அவர் பக்க எண்ணோடு வாயால் சொல்லட்டும். மவுஸைத் தொட வேண்டாம். திருத்தத்தை ஸ்டைலில் நீங்களே செய்துகொள்ளலாம்.